வால்வை மூடியும் நிற்காத தண்ணீர்

தம்பிகளா, உங்களில் பாதிப் பேர் இப்போது எனக்குப் போனில் பிளான் அனுப்புகிறீர்கள். பாத்ரூமின் நாலு சுவரும் அழகாக வரைந்திருக்கிறது. சுடுதண்ணீருக்குச் சிவப்புக் கோடு, பச்சைத் தண்ணீருக்கு நீலக் கோடு. கீழே ஒரு வரி: "அண்ணா, ஓகேவா?" உடனே நான் கட்டைவிரல் படம் போடுவதில்லை என்று உங்களுக்கு வருத்தம். கிழவனுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம் என்று ஒருவர் குரூப்பிலேயே எழுதினார். பிறகு அழித்துவிட்டார். அழிப்பதற்குள் படித்துவிட்டேன்.

உண்மைதான். ஸ்பானரைக் கீழே வைத்து இரண்டு வருடம் ஆகியும் சந்தேகம் என்னை விடவில்லை. ஓட்டலில் கை கழுவப் போனால்கூட வாஷ்பேசினுக்கு அடியில் குனிந்து பார்க்கிறேன், மனைவி முழங்கையால் இடிக்கிறாள். புது வீட்டுக்குப் பைப் போடுகிறவனுக்கு இந்தக் குணம் தேவையில்லை. வெறும் சுவர், வெறும் தரை, அவன் போட்டதுதான் அங்கே இருக்கும். பழைய வீட்டில் பாத்ரூமை இடித்து மாற்றிக் கட்டுகிறவனுக்கு அப்படி இல்லை. சுவருக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குச் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். எல்லோரும் நல்லவர்கள், சொல்வது மட்டும் தப்பாக இருக்கும்.

சித்தூரில் ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் வீடு. கீசர் மாட்டச் சுவரில் துளை போட வேண்டும். "இந்தச் சுவருக்குள் பைப்பே கிடையாது, பக்கத்தில் நின்று கட்டியவன் நான்" என்று அவர் சத்தியம் செய்தார். பாடம் நடத்தியவர் குரல், மறுத்துப் பேச வாய் வரவில்லை. துளைத்தேன். தண்ணீர் பீய்ச்சியடித்து உத்தரத்தைத் தொட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் பீரோ, பீரோவுக்குள் அடுத்த வாரம் கல்யாணமாகப் போகிற பெண்ணின் பட்டுப் புடவைகள். அவர் பொய் சொல்லவில்லை. கட்டும்போது அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். காபி குடிக்க உள்ளே போன நேரத்தில் கொத்தனார் தன் வசதிக்குப் பைப்பைத் திருப்பிவிட்டார், அவ்வளவுதான். அன்றிலிருந்து வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொள்வேன், தலையாட்டுவேன், நம்ப மாட்டேன்.

அதைக் கெட்டிக்காரத்தனம் என்றே பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கர்வம் போனது திருப்பதியில், நான் வேலையை விடுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு. அதைத்தான் இன்று சொல்ல வந்தேன். எனக்குப் பெருமை தருகிற கதை இல்லை, அதனால் முழுதாகச் சொல்கிறேன்.

கோயில் மாடவீதிக்குப் பின்னால் ஒரு பழைய வீடு. வீட்டுக்காரர் கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் இருப்பவர், எழுபதைத் தாண்டியவர். எங்களுக்கு அவர் சாமி, அவர் மனைவி அம்மா. ஒரே மகன் வெளிநாட்டில். மாடியில் ஒரு போர்ஷன் வாடகைக்கு விட்டிருந்தார்கள்.

அந்த வீட்டில் தண்ணீர் இரண்டு. பெருமாளுக்குப் பூஜை செய்யவும், தளிகை செய்யவும், அதாவது பெருமாளுக்குக் காட்டிவிட்டுத் தாங்கள் சாப்பிடும் சமையலுக்கும், கொல்லைக் கிணற்றுத் தண்ணீர் மட்டும். அது மோட்டாரில் ஏறி, சமையலறை ஓட்டின்மேல் தாழ்வாக இருக்கும் ஒரு சின்ன ஸ்டீல் டேங்குக்குப் போகும். அங்கிருந்து சமையலறைக் குழாய்க்கு. மற்ற எல்லாவற்றுக்கும் போர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அது மாடிக்கும் மேலே, மொட்டைமாடியில் கருப்பு டேங்கில் இருக்கும். நல்ல உப்பு. அந்த இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. மடி ஆசாரம் பார்க்கிற வீடு, அங்கே அது சட்டம்.

ஒரு மழைநாள் காலையில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆயிற்று. பத்து நாளில் வீட்டுக்கு வருவார், சக்கர நாற்காலியில். அதற்குள் பாத்ரூமை மாற்ற வேண்டும். பழைய குழிக் கக்கூசை எடுத்துவிட்டு உட்காரும் கோப்பை, பிடித்துக்கொள்ளக் கம்பி, உட்கார்ந்தபடி குளிக்கத் தாழ்வாக ஒரு ஹேண்ட் ஷவர், எல்லாப் பைப்பும் புதிது. சாமி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்த வீட்டுக்கு நான் புதியவன் இல்லை. இரண்டு வருடம் முன்பு அதே பாத்ரூமில் கீசரும் மிக்சரும் ஹேண்ட் ஷவரும் மாட்டியது நான்தான்.

முதல் நாளே சாமி வேறு சிலதையும் சொன்னார். அம்மா மோட்டார் தண்ணீர் இருக்கும்போது எதற்குக் கயிறு போட்டு இறைக்கப் போனார் என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அவளுக்கு இப்பல்லாம் புத்தி ஸ்திரமா இல்லை மேஸ்திரி. குழாய்த் தண்ணி மாறிடுத்துங்கறா. பருப்பு வேகலைன்னா தண்ணிமேல பழி. ஒரு நாள் வெந்நீரா வர்றதுங்கறா. நாமென்ன பண்றது?"

மகன் எல்லாம் தீர்மானித்திருந்தார். அம்மா வந்ததும் ஞாபக மறதிக்குப் பார்க்கும் டாக்டரிடம் காட்டுவது, நேரம்கூட வாங்கியாகிவிட்டது. கிணற்றை மேலே பலகைக்கல் போட்டு மூடுவது. சமையலுக்கு ஆள் வைப்பது. அம்மா இனிமேல் சமையலறைக்குள் போக வேண்டாம். ஐம்பது வருடம் அந்த அறையில் மடியாகத் தளிகை செய்தவருக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பெரிய குடும்பத்து விஷயம், பைப் போட வந்தவனுக்கு என்ன என்று இருந்துவிட்டேன்.

சாமிக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. காலையில் நிரப்பும் கருப்பு டேங்க் மதியத்துக்குள் காலி. மாடியில் இருப்பவர்கள்தான் ஏதோ செய்கிறார்கள். சூளூர்பேட்டைப் பக்கத்துப் பையன், அவன் மனைவி, இரண்டு பேருக்கும் ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை. நாள் முழுக்க வீட்டில் இல்லாதவர்களுக்கு எப்படி ஒரு டேங்க் செலவாகும்? அவர்களைக் காலி செய்யச் சொல்லியும் ஆயிற்று. கிணற்றுத் தண்ணீருக்கு மட்டும் குறையே இல்லை, கோடையில்கூட மட்டம் இறங்கவில்லை, எல்லாம் பெருமாள் கிருபை என்றார் சாமி.

எனக்குச் சந்தேகப்பட ஆள் கிடைத்தால் போதாதா? ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போனேன். லைன் பார்க்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு ஒவ்வொரு குழாயாகத் திருகினேன், ஃப்ளஷ் டேங்கின் மூடியைத் திறந்தேன், பால்கனியில் ஏதாவது ஓஸ் தொங்குகிறதா என்று எட்டிப் பார்த்தேன். அந்தப் பையன் கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

"இன்னா அண்ணா, திருடன் ஊட்ல தேடறா மாரி தேடறீங்க. எங்களுக்கே ரெண்டு பக்கெட்டுக்கு மேல வர்ல. அவரு எங்கள சொல்றாரு, நாங்க யாரைச் சொல்றது?"

அவன் வீட்டில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. அதனாலேயே அவன்மேல் சந்தேகம் கூடியது. இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறானே, என்னவோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினேன். சந்தேகம் ஒரு தடவை ஒருவர்மேல் உட்கார்ந்துவிட்டால் பிறகு அவர் நல்லவராக இருப்பதே அவருக்கு எதிரான சாட்சி ஆகிவிடும். இது பைப்புக்கு மட்டும் பொருந்துகிற விஷயம் இல்லை.

திங்கட்கிழமை இடிக்க ஆரம்பிக்க வேண்டும். உளியை எடுக்கும் முன்பு நான் ஒரு வேலை செய்வேன். நீங்களும் செய்ய வேண்டும், சோம்பல்படக் கூடாது. வீட்டில் உள்ள ஒவ்வொரு வால்வையும் ஒவ்வொன்றாக மூடி, ஒவ்வொரு மூடலுக்கும் எல்லாக் குழாயையும் திறந்து பார்ப்பது. எது நிற்கிறது, எது நிற்கவில்லை. அரை நாள் போகும். வீட்டுக்காரர் இவன் வேலையே செய்யவில்லை என்று பார்ப்பார், பார்க்கட்டும். பிளானில் இல்லாத பைப் எல்லாம் அந்த அரை நாளில் வெளியே வந்துவிடும்.

முதலில் ஸ்டீல் டேங்கின் வால்வை மூடினேன். சமையலறைக் குழாயைத் திறந்தேன். அந்த டேங்கைத் தவிர அந்தக் குழாய்க்கு வேறு வழி கிடையாது. இரண்டு நிமிடத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று, அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தது. வால்வு பழசு, பிடிக்கவில்லை என்று நினைத்தேன். கழற்றிப் புதிது போட்டு மூடினேன். அப்போதும் வந்தது. கையை நீட்டினேன்.

தண்ணீர் வெதுவெது என்று இருந்தது.

மொட்டைமாடிக்கு ஓடினேன். ஓடக் கூடிய வயது இல்லை, ஓடினேன். கருப்பு டேங்கின் வால்வை மூடிவிட்டுக் கீழே வந்தேன். சமையலறைக் குழாய் இளைத்து, சொட்டி, நின்றது. பாத்ரூமுக்குள் போய் மிக்சரைப் பார்த்தேன். கைப்பிடி திறந்தபடி பாதியில் நின்றது. ஹேண்ட் ஷவரின் பட்டன் மட்டும் மூடியிருந்தது.

சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு வருடம் முன்பு கீசர் மாட்டும்போது சாமி ஒன்று கேட்டார். பூஜைக்கு முன்னால் தீர்த்தமாடுவதற்கு, குளிப்பதற்கு, கிணற்றுத் தண்ணீர்தான் விசேஷம். ஆனால் மார்கழிக் குளிரில் முடியவில்லை, கொஞ்சம் வெந்நீர் கலந்துகொள்ளலாம். அதனால் மிக்சரின் சுடுதண்ணீர்ப் பக்கம் கருப்பு டேங்கிலிருந்து கீசர் வழியாக, பச்சைத் தண்ணீர்ப் பக்கம் கிணற்று லைனிலிருந்து ஒரு கிளை. வேறு எந்த வீட்டிலும் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள், எந்த மேஸ்திரியும் இப்படிப் போட மாட்டான். கிணற்றுத் தண்ணீர் பாத்ரூமுக்குப் போகும், திரும்பி வராது, மடிக்கு என்ன குறை என்று நான் போட்டேன். ஒருவழி வால்வு ஒன்று சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. தோன்றவில்லை.

சாமிக்குத் தினமும் சூட்டைச் சரிபார்ப்பது தொல்லை. மிக்சரைத் தனக்குப் பிடித்த இடத்தில் திறந்தே வைத்துவிட்டு, ஷவர் பட்டனை மட்டும் அமுக்கி நிறுத்துவார். வெளியே போக வழியில்லாத தண்ணீர் என்ன செய்யும்? உயரத்தில் இருக்கும் கருப்பு டேங்க் தள்ளும், தாழ்வில் இருக்கும் கிணற்று லைன் வாங்கிக்கொள்ளும். கீசரின் வெந்நீர், பிறகு நாள் முழுக்க உப்புத் தண்ணீர், மிக்சருக்குள் நுழைந்து சமையலறைக்கும் ஸ்டீல் டேங்குக்கும் போய்க்கொண்டிருந்தது. டேங்க் நிரம்பி வழிந்தால் வீணாகக் கூடாது என்று வழியும் பைப்பைக் கிணற்றுக்குள்ளேயே விட்டிருந்தார்கள். கருப்பு டேங்க் மதியத்துக்குள் காலியானதும் கிணறு கோடையில் வற்றாமல் இருந்ததும் ஒரே காரணத்தால்தான். மாடியில் இருந்த பையனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, பெருமாள் கிருபைக்கும் இல்லை.

அம்மா சொன்னது ஒவ்வொன்றும் நிஜம். தண்ணீர் மாறிவிட்டது நிஜம். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது, அதுவும் நிஜம். வெந்நீர் வந்தது நிஜம். யாரும் நம்பாததால் அந்தக் குழாயை விட்டுவிட்டுக் கிணற்றடிக்குக் கயிறும் வாளியுமாகப் போனார், விழுந்தார்.

யாரும் நம்பவில்லை என்று எழுதினேனே, அதில் நானும் உண்டு. ஒரு வருடம் முன்பு அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். நான் போய், சமையலறை வாசலில் நின்றபடியே, வெயிலில் பைப் காய்கிறது, அதனால் சூடாக வருகிறது என்று சொன்னேன். "விடியக்காலம்பற எங்கேர்ந்து வெயில்?" என்று அவர் கேட்டார். நான் சிரித்தேன். ஒரு வால்வை மூடிப் பார்க்கவில்லை. உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்படுகிறவன், நான் போட்ட பைப்பை மட்டும் சந்தேகப்படவில்லை.

இனி நடந்ததுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. அந்த நேரத்தில் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. சாமி கோயிலில் இருந்தார். நான் செய்ய வேண்டியதெல்லாம் இடிப்பது. மத்தியானத்துக்குள் அந்தக் கிளை பைப் செங்கல் தூளோடு தூளாக வண்டியில் ஏறிவிடும். புதுப் பிளானில் இரண்டு தண்ணீரையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் குறை தானாகச் சரியாகும். பருப்பு வெந்துவிடும். அம்மா வரும்போது தண்ணீர் நன்றாக இருக்கும். எல்லோரும் என்ன சொல்வார்கள்? தண்ணீர் எப்போதும் நன்றாகத்தான் இருந்தது, பாவம், அவருக்குத்தான் புத்தி கலங்கிவிட்டது என்பார்கள். டாக்டரிடம் கொண்டுபோவார்கள். கிணற்றை மூடுவார்கள்.

அன்று நான் இடிக்கவில்லை. சொல்லவும் இல்லை. வால்வுகளைப் பழையபடி திறந்து வைத்துவிட்டு, தலைவலி என்று வீட்டுக்குப் போய்விட்டேன். ஒரு நாள் முழுக்க அந்த ரகசியத்தை வைத்துக்கொண்டிருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். மாடவீதி முழுக்க என் வாடிக்கை. அந்த வீட்டுப் பூஜைத் தண்ணீரில் பாத்ரூம் தண்ணீரைக் கலந்தவன் என்று பெயர் வந்தால் ஒரு வாசலில்கூட என்னை ஏற்ற மாட்டார்கள்.

மறுநாள் காலை சாமி இருக்கும்போது போனேன். சமையலுக்குப் புதிதாக வைத்த பெண் வந்திருந்தாள், வடமாலபேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், தெலுங்கு பேசுகிறவள். வேலைக்கு வந்து இரண்டாவது நாள். அடுப்பிலிருந்து கரண்டியோடு வெளியே வந்து சொன்னாள்.

"ஈ நீள்ளல்லோ பப்பு உடகது சாமி."

இந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. அவ்வளவுதான் சொன்னாள். சாமி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அப்படியா என்று கேட்டுவிட்டு, உன் சமையலுக்குக் கேன் தண்ணீர் வரவழைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். பெருமாளுக்கு மட்டும் கிணற்றில் இறைத்துக் கொடுக்கிறேன் என்று அவரே கயிற்றை எடுத்தார்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது. நேற்று வந்தவள் ஒரு வாக்கியம் சொன்னாள், நம்பிவிட்டார். இரண்டு வருடம் அதையே சொன்ன மனைவிக்கு டாக்டர். கோபம் சாமிமேல் மட்டும் என்று சொன்னால் அது பொய். அந்தக் கோபம் இல்லாவிட்டால் எனக்குத் தைரியம் வந்திருக்காது. தைரியம் வந்தது எந்த வழியாக என்று பார்த்துக்கொண்டிருக்க அப்போது நேரமில்லை.

"சாமி, கயிற கீழ வையுங்க. ஒண்ணு காட்டணும். தப்பு என்னுது," என்றேன்.

வால்வை மூடினேன். சமையலறைக் குழாயைத் திறந்தேன். சாமியின் கையைப் பிடித்து அதன் கீழே நீட்டச் சொன்னேன். அவர் அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். தன் குளியலின் சூடு தன் சமையலறைக் குழாயில் வருவதை அவர் கை உணர்ந்தது. கீசர், மிக்சர், கிளை பைப் எல்லாவற்றையும் விரல் வைத்துக் காட்டினேன். அம்மா என்னைக் கூப்பிட்டதையும் நான் சிரித்ததையும் சேர்த்தே சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அப்படியே தரையில் உட்கார்ந்து, இரண்டு வருடம், பெருமாளுக்கு இதையா கொடுத்தேன், அபசாரம், அபசாரம் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, பரிகாரம் என்ன என்று பெரியவர் யாரையோ கேட்டு வரப் போனார். அடுத்த இரண்டு நாள் அந்த வீட்டில் கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்வதும், பாத்திரங்களை விளக்குவதும், க்ஷமாபணம் என்று பெருமாளிடம் மன்னிப்புக் கேட்டு ஆராதனம் செய்வதுமாக இருந்தது. மாடிப் பையனையும் கூப்பிட்டு, காலி செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எல்லாம் சரி. அம்மா பெயரை மட்டும் அவர் எடுக்கவே இல்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் அவரே என்னிடம் வந்தார்.

"மேஸ்திரி, இதை அவகிட்ட சொல்ல வேண்டாம். உடம்பு இருக்கற இருப்புல மனசு உடைஞ்சுடும். புள்ளைகிட்டயும் நான் சொல்லலை. பைப்பைச் சரிபண்ணிடுங்கோ, அதோட போகட்டும்."

இரக்கமான பேச்சு. கேட்டவுடன் தலையாட்டத் தோன்றும். எனக்கோ சந்தேகம். உடையப் போகிற மனசு யாருடையது? அதோடு இன்னொன்றும் கவனித்தேன். அவர் கேட்டது எனக்கும் வசதியாக இருந்தது. வீட்டுக்காரருக்கும் மேஸ்திரிக்கும் ஒரே விஷயம் ஒரே நேரத்தில் வசதியாக இருந்தால், தம்பிகளா, அங்கே மூன்றாவது ஆள் ஒருவர் தண்ணீரில் நின்றுகொண்டிருப்பார். பதில் சொல்லாமல் வேலையைப் பார்த்தேன்.

புதுப் பிளானை மூன்று தடவை வரைந்தேன். ஹேண்ட் ஷவருக்கும் மிக்சருக்கும் இரண்டு பக்கமும் கருப்பு டேங்க் தண்ணீர் மட்டும். கிணற்றுத் தண்ணீருக்குத் தனியாக ஒரு பித்தளைக் குழாய், அதன் கீழே வாளி. சாமி வாளியில் கலந்துகொள்ளட்டும். சுவருக்குள் இரண்டு லைனும் எங்கேயும் சந்திக்காது. பூசுவதற்கு முன்பு ஒவ்வொரு வால்வையும் மூடித் திறந்து பார்த்தேன், அடுத்த நாள் மறுபடி பார்த்தேன். என்னை நானே நம்பவில்லை.

பத்தாம் நாள் காலை அம்மாவைக் கூட்டி வந்தார்கள். இளைத்துப்போயிருந்தார். சாமி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நேரே பாத்ரூமைக் காட்ட வந்தார். கம்பிகளைத் தொட்டுப் பார்த்தார் அம்மா, ஷவரை எடுத்துப் பார்த்தார், நன்னா இருக்கு என்றார். பிறகு அந்தப் பித்தளைக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இது எதற்குத் தனியாக என்று கேட்டார்.

சாமி அவசரமாக, கிணற்றுத் தீர்த்தத்துக்கு ஒன்று தனியாக இருக்கட்டுமே என்றுதான் என்றார். என் பக்கம் பார்க்கவில்லை. அம்மா என் பக்கம்தான் பார்த்தார்.

"அம்மா, நீங்க சொன்னது அத்தினியும் நிஜம்," என்றேன். "ரெண்டு வருஷமா இந்தப் பக்கத் தண்ணி உங்க குழாய்க்கு வந்துக்கினு இருந்தது. நான் போட்ட பைப்பு. நீங்க கூப்ட்டப்ப நின்னு பாக்காத சிரிச்சிட்டுப் போனேன். என்னை மன்னிச்சிருங்க."

அம்மா அழவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. பத்து நாளாக, ஏன், அதற்கும் வெகு முன்பிருந்தே, தன் புத்தியையே தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த ஒருவர் மெல்ல மூச்சு விடுவதைப் பார்த்தேன். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் எல்லோரையும்விட அதிகமாகச் சந்தேகப்பட்டவர் அவர்தான், அதுவும் தன்னையே. பிறகு நாற்காலிக்குப் பின்னால் நின்றவரிடம், திரும்பாமலேயே கேட்டார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றார் சாமி.

"பெருமாள்கிட்ட க்ஷமாபணம் பண்ணியாச்சா?"

"ஆச்சு. ரெண்டு நாள் பண்ணினேன்."

"என்கிட்ட?"

சாமி நாற்காலியின் கைப்பிடியை விட்டார். சுற்றி வந்து, நான் அம்மாவுக்காகப் போட்ட கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலியோடு ஈரத் தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தார். அம்மாவின் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மடியிலிருந்து போனை எடுத்து மகனை அழைத்தார். எனக்குக் கேட்ட வரையில் அவர் சொன்னது இவ்வளவுதான்.

"டாக்டர் வேண்டாம்டா. உங்கம்மா சரியாத்தான் இருந்திருக்கா. நாமதான் சரியா இல்லை."

அம்மா என்னைப் பார்த்து, நீங்க கேட்டுட்டேள், போய்ட்டு வாங்கோ என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசலில் ஒரு ஆட்டோவில் இரண்டு பலகைக்கல்லை ஏற்றிக்கொண்டு ஒரு கொத்தனார் வந்து நின்றார். மகன் போனில் ஏற்பாடு செய்த ஆள், கிணற்றை மூட வந்திருந்தார். எந்தப் பக்கம் கிணறு என்று கேட்டார். மூட வேண்டாம், கல்லைத் திருப்பி எடுத்துப் போங்கள் என்றேன். யார் சொன்னது என்று கேட்டார். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

வீட்டுக்கார அம்மா சொன்னாங்க என்றேன்.

அம்மா அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.